சிறந்தது இல்லை, பிடித்தது

காலை அமர்வுக்கு முன், நடுவர் ஃபர்ஸானா வழக்கம்போல் விருப்பத்தடையைக் காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டாள். நகத்தளவுச் சில்லு அது. ஒட்டியிருக்கும்வரை சுருதியும் தாளமும் துல்லியமாகக் கேட்கும். மனம் மட்டும் அசையாது.

மின்பஞ்சத்துக்குப் பிறகு கோவை ஒலிக்காப்பகத்தில் இடம் குறைவு. நடுவர் இருவரும் 'சிறந்தது' என்று சொல்லும் இசை ஆல்பங்களையே அங்கே சேமித்தார்கள். மற்றவை அன்று மாலையே எல்லா இடங்களிலிருந்தும் அழிக்கப்படும். ஆனாலும் குடிமக்கள் ஒவ்வொருவரும் வாழ்நாளில் ஒரே ஒரு ஆல்பத்தை, அது எவ்வளவு மட்டமானதாக இருந்தாலும், 'பிடித்தது' என்று கோரித் தமக்காகக் காப்பாற்றிக்கொள்ளலாம். நடுவர்களுக்கு அந்த உரிமை கிடையாது.

அன்று வந்தது தூத்துக்குடிப் பெண்கள் நால்வரின் ஆல்பம். இரண்டாவது பாட்டிலேயே ஃபர்ஸானாவுக்கு ஏதோ ஆனது. நாற்காலியில் உட்கார முடியவில்லை. எழுந்தாள், ஜன்னல்வரை போனாள், திரும்பினாள். காதுக்குப் பின்னால் தொட்டுப் பார்த்தாள். சில்லு குளிர்ந்து கிடந்தது. செத்துவிட்டது.

"தாளம் இழுக்குதுங்க மேடம்," என்றான் இன்னொரு நடுவரான அருள்தாஸ். "மூணாவது பாட்டுல சுருதியே விலகுது. யாரும் 'பிடித்தது'ன்னு கேட்டும் வரலைங்க. அழிச்சிரலாமுங்களா?"

"இன்னொரு தடவை போடு அருள்."

"மூணு தடவை கேட்டாச்சுங்களே."

"போடேன்."

அவள் குரலில் இருந்த பதற்றம் அவனுக்குப் புதிது. வேலையில் அவனுக்குப் பத்து வருடம் மூத்தவள். அவள் 'சிறந்தது' என்று ஒரு வார்த்தை சொன்னால் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொள்வான். அது அவளுக்கும் தெரியும். வாய்வரை வந்த வார்த்தையை விழுங்கினாள். அந்தத் தாளம் இழுக்கத்தான் செய்கிறது. அவள் காது பொய் சொல்லவில்லை.

"இது சிறந்தது இல்ல அருள்," என்றாள். "நீ சொன்ன அத்தனையும் சரி. ஆனா எனக்குப் பிடிச்சிருக்கு."

அருள்தாஸ் சட்டென்று அமர்வின் ஒலிப்பதிவை நிறுத்தினான். "மேடம், இதைப் பதிவுல சொல்லிராதீங்க. வேலை போயிரும்."

"நடுவரா இருந்தாத்தானே 'பிடித்தது'ன்னு கேட்கக் கூடாது?" அவள் சில்லைப் பிய்த்து மேசைமேல் வைத்தாள். "இனிமே நான் நடுவர் இல்ல. என்னோட ஒண்ணே ஒண்ணை இப்பவே எடுத்துக்கறேன்."

"இதுக்குப் போயிங்களா?"

"ஏன்னு கேட்டா எனக்கே சொல்லத் தெரியல."

மதியப் பேருந்தில், ஆல்பம் அவள் கைக்கருவியில் இருந்தது. மூன்றாவது பாட்டில் பாடுகிறவளின் குரல் சுருதியை விட்டு நழுவும் இடத்தில் ஃபர்ஸானா வாய்விட்டுச் சிரித்தாள். பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார். அவள் கவலைப்படவில்லை. அதே இடத்தை மறுபடி கேட்டாள், மறுபடியும் கேட்டாள்.

பிறகுதான் அந்த எண்ணம் வந்தது. தடையை ஒட்டிக்கொண்டு இத்தனை வருடங்களில் அவள் அழிக்கச் சொன்ன ஆல்பங்கள் எத்தனையோ. அவற்றில் எத்தனை அவளை இப்படி எழுந்து நடக்க வைத்திருக்கும்? ஒன்றின் மெட்டையாவது நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள். அவை தவறிய இடங்கள் மட்டும் ஒன்றுவிடாமல் நினைவுக்கு வந்தன.