கடைசிக் கவளம்

சாவி தடையில்லாமல் சுழன்றது.

விட்டஸ் ஹாஸ்லவர் கையை நிறுத்தினான். நிலவறையின் வேலைமேசையில், பச்சைக் கம்பளித் துணியின்மேல், வேட்டைக்கேற்பக் குழலை மாற்றிக்கொள்ளக்கூடிய அவனுடைய புதிய துப்பாக்கி மல்லாந்து கிடந்தது. நாளை விடியலில் மலையாட்டு வேட்டை. அதற்கு மெல்லிய குழல் வேண்டும். செம்மானுக்காக இன்று நண்பகலில் பொருத்தியிருந்த தடித்த குழலைக் கழற்றத்தான் திருகுசாவியைச் செருகினான். கட்டையின் அடிப்புறத்தில் அக்குழலைப் பிடித்து நிறுத்தும் திருகுகள் இரண்டும், முறையாக இறுக்கப்பட்டிருந்தால், மணிக்கட்டு வலிக்குமளவு எதிர்த்து நின்று, பிறகு 'டக்'கென்ற ஓர் ஒலியோடு விட்டுக்கொடுத்திருக்க வேண்டும். முதல் திருகு எதிர்க்கவில்லை. இரண்டாவதும் எதிர்க்கவில்லை. ஆடும் பல்லை நாக்கால் தள்ளுவதுபோல அத்தனை எளிதாக இருந்தது.

அப்படியானால், இன்று சுடும்போதும் அவை தளர்ந்தே இருந்திருக்கின்றன.

முகம் சுட்டது. தனியாக இருக்கும்போதும் மனிதனுக்கு முகம் சிவக்கும் என்பதை அவன் அதுவரை அறிந்ததில்லை. மனைவி குண்டுலா தேவாலயப் பாடகர் குழுவின் ஒத்திகைக்குப் போயிருந்தாள். நவம்பரில் இந்த ஸ்டைரியப் பள்ளத்தாக்கில் பிற்பகல் காப்பி ஆறுவதற்குள் இருள் இறங்கிவிடும். நிலவறையின் ஒரே சன்னலுக்கு வெளியே, தரைமட்டத்து இரும்புக் கம்பிவலைக்குமேல், பனிமூட்டம் கிழிந்த கம்பளியைப்போல அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

நண்பகலில் நடந்தது இப்போது ஒவ்வொன்றாக, அவன் அழைக்காமலே, முன்னால் வந்து நின்றது. வேட்டைக் குடிலின் வாசலில் குழலை மாற்றிக்கொண்டிருந்தான். அவனுடைய மாமனாரும் வேட்டைக் கூட்டத்தின் தலைவருமான ரூப்பர்ட், மற்ற எல்லோரும் கேட்கும்படி உள்ளிருந்து குரல் கொடுத்தார்.

"என்ன மாப்ளே, மறுபடியும் கழட்டிட்டியா? எங்கப்பன் குடுத்த ஒத்தத் துப்பாக்கிய வச்சுக்கிட்டு நான் காலம் தள்ளுறேன். நீ என்னடான்னா காலைல ஒரு குழல், மத்தியானம் ஒரு குழல். பொண்டாட்டிய மட்டும் மாத்திப்புடாதே, அவ என் பொண்ணு!"

சிரிப்பில் குடிலே குலுங்கியது. உள்ளிருந்து வேறொருவன் கத்தினான்.

"சூப்பு ஆறுது, வாய்யா! அது என்ன துப்பாக்கியா, தையல் மிஷினா?"

அவனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே திருகுகளை விரலாலேயே சுழற்றிவிட்டு, சாப்பிட்டபின் இறுக்கலாமென்று சாவியைச் சட்டைப்பையில் போட்டான். சூப்பு, அதன்மேல் பேரிக்காய்ச் சாராயம், அதன்மேல் மேலும் இரண்டு கேலிகள். மறந்துபோனான். வருகிற ஞாயிற்றுக்கிழமை, கூட்டத்தில் காலியாகியிருந்த ஓர் இடத்துக்கு அவனைச் சேர்க்கக் கை தூக்கப்போகிறார்கள். ரூப்பர்ட் தூக்கினால்தான் மற்றவர்கள் தூக்குவார்கள். கல்யாணமான நாளிலிருந்து விருந்தாளியாகவே அந்தக் காட்டுக்குள் போய்வந்தவனுக்கு அந்த நேரத்தில் அது மட்டுமே நினைவிருந்தது.

பிற்பகலில் பெண்மான் ஒன்று காட்டோரத்தில் மேய்ந்துகொண்டிருந்தது. அதன் தோளுக்குச் சற்றுப் பின்னால் குறிவைத்தான். வெடித்ததும் அதன் தலை, யாரோ அறைந்ததுபோல, மேல்நோக்கித் தெறித்தது. ஒரு கணம் நின்றது. திரும்பியது. ஓடிவிட்டது. அது நின்ற இடத்தில் எச்சில் இழைகள் புல்லோடு புல்லாகத் தொங்கின. அவற்றின் நடுவே ஒரு துண்டு தாடையெலும்பு, பற்களோடு. பற்களுக்கிடையில் மென்று முடிக்காத புல் இன்னும் பச்சையாக இருந்தது.

தாடை போன மான் உடனே சாவதில்லை. மேய முடியாமல், நீர் குடிக்க முடியாமல், ஓடைகளில் முகத்தை அமிழ்த்தியபடி நாள்கணக்கில் நிற்கும். மோப்ப நாய் தேடிப்போய் நிறுத்தினால்தான் அதற்கு முடிவு. நாய் தொடங்க வேண்டிய இடத்தைக் காட்டுவதற்காக, பழகிய கை தானாகவே ஓர் ஊசியிலைக் கொப்பை ஒடித்து அங்கே நட்டது. அப்போதுதான் கைப்பேசி அடித்தது.

"வெடிச்சத்தம் கேட்டுச்சே மாப்ளே. படுத்துருச்சா?"

"இல்ல மாமா. தப்பிருச்சு."

"சுத்தமாவா?"

"சுத்தமா."

அந்தச் சொல்லின்போது இடது காதுக்குக் கீழே, தாடை பொருந்தும் இடத்தில், ஏதோ மெல்ல 'டக்'கென்று விட்டது. அவன் அதைப் பொருட்படுத்தவில்லை. நட்ட கொப்பைப் பிடுங்கினான். எலும்பையும் கொப்பையும் மேலங்கிப் பையில் திணித்தான்.

இப்போது, நிலவறையில், அவற்றை வெளியே எடுத்து மேசையின் ஓரத்தில் வைத்தான். ஈர மயிரும் புளித்த புல்லும் கலந்த காட்டு நாற்றம் எழுந்தது. கையைக் கழுவினான். நாற்றம் குறையவில்லை.

மூலையிலிருந்த தொலைபேசி ஒலித்தது. அஸ்கா என்ற மோப்ப நாயை வைத்திருக்கும் சென்சி.

"டேய் விட்டஸ், ரூப்பர்ட் சொன்னாரு. அஸ்காவ வண்டியில ஏத்திட்டேன், வரவா?"

"எதுக்குக்கா? அதான் தப்பிருச்சே."

"தப்பாத கையி யாருக்குடா இருக்கு? போன வருசம் நம்ம பாதிரியாரே ஒரு பன்னிய வயித்துல சுட்டுப்புட்டு, ராத்திரி பூரா என்கூட முள்ளுக்குள்ள தவழ்ந்தாரு. இதுல வெக்கப்பட என்ன இருக்கு? மயிரு, எலும்பு, ஏதாச்சும் கெடந்துச்சா?"

மேசையோரத்துப் பற்கள் விளக்கொளியில் மஞ்சளாக மின்னின. சொல்லிவிடலாம். ஒரே ஒரு சொல். திருகு தளர்ந்திருந்தது என்று சொன்னால் நாளை குடிலே சிரிக்கும். கொப்பைப் பிடுங்கினேன் என்று சொன்னால் எவனும் சிரிக்கமாட்டான், அதுதான் பயங்கரம்.

"ஒரு சொட்டு ரத்தம்கூட இல்லக்கா."

டக்.

தாடை வலித்தது. கையால் தாங்கிக்கொண்டு வாயை மூட வேண்டியிருந்தது.

வேலையைப் பார்க்கலாம் என்று திரும்பினான். தடித்த குழலைக் கழற்றி வைத்தான், மெல்லிய குழலைப் பள்ளத்தில் படியவைத்தான், சாவியை முழு வலுவோடு திருகினான். டக். இரண்டாவதும் டக். நெஞ்சு சற்று லேசானது. சாவியைத் துடைக்கத் துணியை எடுத்துவிட்டு மீண்டும் பார்த்தபோது, முதல் திருகின் தலை நகத்தளவு வெளியே வந்திருந்தது. மறுபடி இறுக்கினான். மறுபடி வெளியே வந்தது. மூன்றாம் முறை இறுக்கிவிட்டுக் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். யாரும் தொடாமலே, மிகப் பொறுமையாக, அது சுழன்று வெளியே வந்தது.

மேலே, முற்றத்துச் சரளையில், காலடி.

குண்டுலாவின் காலடி இல்லை. நான்கு கால்கள், ஒவ்வொன்றும் யோசித்து ஊன்றப்பட்டு, இடையிடையே எதுவோ தரையில் உரசும் ஓசையோடு, வீட்டைச் சுற்றி வந்தன. தோட்டத்து நீர்த்தொட்டியருகே நின்றன. பிறகு அந்த ஒலி தொடங்கியது. நாக்கு நீரை அறையும் ஒலி. அள்ளிய நீர் முழுவதும் அப்படியே திரும்பத் தொட்டிக்குள் கொட்டும் ஒலி. அறையும். கொட்டும். அறையும். கொட்டும். அவன் காதுகளைப் பொத்திக்கொண்டான். அஞ்சியதால் அல்ல, இவ்வளவு தாகத்தைக் கேட்பதற்குத் தனக்கு உரிமையில்லை என்று தோன்றியதால்.

ஒலி நின்றது.

சன்னலின் கம்பிவலைமேல் இரண்டு முன்னங்கால்கள் நின்றன. பிளந்த குளம்புகள். அவற்றின் நடுவே, மேலிருந்து, கண்ணாடியிழைபோன்ற ஏதோ ஒன்று நீண்டு நீண்டு இறங்கி, வலையின் கண்ணுக்குள் நுழைந்து, சன்னல் கண்ணாடியில் ஒட்டியது. எச்சில். அதில் பச்சைத் துணுக்குகள்.

தொலைபேசியை நோக்கி ஓடினான். எல்லாம் சொல்லிவிடுவான். கூட்டம் வேண்டாம், ஞாயிறு வேண்டாம், குடில் முழுக்கச் சிரிக்கட்டும். எண்களை அழுத்தினான். மறுமுனையில் சென்சியின் குரல்.

"சொல்லுடா."

வாயைத் திறந்தான். வாய் திறந்தது. திறந்துகொண்டே போனது. இடது காதுக்கடியில் ஒரு முறை 'டக்'. வலது காதுக்கடியில் ஒரு முறை. தாடை மார்பை நோக்கித் தொங்கியது. 'பொய்' என்ற சொல்லுக்கு உதடுகள் சேர வேண்டும். சேரவில்லை. ஈரமான ஒரு காற்று மட்டும் வெளியேறியது.

"விட்டஸ்? என்னடா சத்தம்? இந்த அஸ்கா வேற வண்டிக்குள்ள ஏன் இப்படி ஊளையிடுதுன்னு தெரியல..." சென்சி ஒரு கணம் கேட்டுக்கொண்டிருந்தாள். "விட்டஸ். உன் பக்கத்துல என்னமோ தண்ணி குடிக்குதே. என்னது அது?"

அவன் பின்னால், நிலவறையின் மூலையில், அவன் கை கழுவிய தொட்டியில், அந்த ஒலி.

அறையும். கொட்டும்.

திரும்பவில்லை. தரையில் சரிந்தான். தொலைபேசியின் கைப்பிடி கம்பியில் தொங்கி ஆடியது. அதனுள்ளிருந்து சென்சி அவன் பெயரைச் சொல்லிக்கொண்டேயிருந்தாள். சிமெண்ட் தரை குளிர்ந்திருந்தது. வலப்புறமாக விழுந்திருந்தான், வேட்டை முடிந்ததும் குடிலின் முன்னால் மான்களைக் கிடத்துவார்களே, அதே புறம். கிடத்தியபின் சுட்டவன் தொப்பியைக் கழற்றுவான். ஊசியிலைக் கொப்பொன்றை அதன் பற்களுக்கிடையில் செருகுவான். உன்னைக் கொன்றேன், உன்னை மறைக்கவில்லை என்று பொருள்படும் அந்தக் கடைசிக் கவளத்தைப் பெறாமல் இந்தப் பள்ளத்தாக்கில் எந்த மானும் மண்ணிலிருந்து தூக்கப்பட்டதில்லை.

குளம்புகள் சிமெண்டில்.

அருகில்.

நாற்றம். வெம்மை. முகத்தின்மேல் சொட்டுகள்.

மேசையின் ஓரத்தைப் பார்த்தான். எலும்பு இருந்தது. கொப்பு இல்லை.

அது குனிந்தது. கீழ்ப்பாதி இல்லாத அந்த முகத்தில் கண்கள் மட்டும் முழுமையாக இருந்தன. அவற்றில் சினம் இல்லை. தொங்கிய நாக்கின்மேல், எச்சிலில் ஒட்டி, அவன் பிடுங்கிய கொப்பு. மிகுந்த மரியாதையோடு அது அக்கொப்பை அவன் பற்களுக்கிடையில் வைத்தது.

அவன் வாய் மூடவில்லை.

கொப்பு தரையில் விழுந்தது.

மான் மறுபடி குனிந்தது. நாக்கால் அதைத் தேடி எடுத்தது. வைத்தது.

விழுந்தது.

மறுபடி குனிந்தது.