மேலே கிடந்த கண்ணாடி

குப்பை வண்டி தள்ளும் பெண் வாசலில் வந்து நின்றபோது அவளுடைய வலது உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தது.

மோப்பக்காரர் நாற்காலியைக் காட்டினார். ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர் அவர். முப்பது வருடம் நகரத்துக் குப்பையோடே வாழ்ந்து, அதை வைத்தே ஊர் வழக்குகளைத் துப்பறிபவருக்கு ஊர் வைத்த பெயர் அது. அவருடைய மைத்துனரான சைக்கிள் கடைக்காரர் அழைக்காமலே பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஒரு வழக்கையாவது மாமாவுக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்ற வயிற்றெரிச்சல் அவருக்கு வெகுநாளாக உண்டு.

"ஐயா, நாளைக்கு என்னை மேற்பார்வையாளரா போடுறதா இருந்தாங்க. இன்னிக்கு நான் கொண்டுவந்த மக்கும் குப்பையில உடைஞ்ச ட்யூப்லைட் கிடக்கு. அதை எடுக்கப் போய்தான் கை கிழிஞ்சுது. நான் கலக்கலைன்னு சாயங்காலத்துக்குள்ள காட்டலைன்னா இருக்கிற வேலையும் போயிடும்னு அதிகாரி சொல்லிட்டார்."

"முதல்ல பார்த்தது யாரு?"

"என் ஓரகத்தி ஐயா, எங்க வீட்டுக்காரரோட அண்ணன் சம்சாரம். கிடங்குல மேஜையில உட்கார்ந்து உலர்ந்த குப்பையைப் பிரிக்கிறாங்க. வண்டி கேட்டுக்குள்ள வரும்போதே டிரம்முக்கு மேல கண்ணாடி மினுக்கிச்சுன்னு சொல்லிட்டாங்க. அவங்களுக்குப் பொய் சொல்ல வராது. ஆனா நான் பார்க்கலையே!"

மைத்துனர் துள்ளினார். "கடைசியா எங்க குப்பை எடுத்தே?"

"டீக்கடையில."

"பக்கத்துல பல்பு விக்கிற கடை இருக்கா?"

"இருக்குங்க."

"முடிஞ்சுது மாமா! மேல கிடந்தா கடைசியா விழுந்ததுன்னுதானே அர்த்தம்? பல்பு கடைக்காரன்தான்."

மோப்பக்காரர் செருப்பை மாட்டினார். மைத்துனர் வெற்றிச் சிரிப்போடு பின்னால் நடந்தார்.

கிடங்கில் அந்தக் குவியலைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. இரண்டு பேர் டிரம்மைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்திருந்ததால் குவியல் டிரம்மின் வடிவத்திலேயே நின்றது. மோப்பக்காரர் ஒரு குச்சியால் மேலிருந்து மெல்ல விலக்கிக்கொண்டே போனார். உச்சியில் கண்ணாடித் துண்டுகள், அதற்கடுத்துக் காய்ந்த சருகு. பிறகு முட்டை ஓடு, காய்கறித் தோல். தரையை ஒட்டிக் கறுப்பாக டீத்தூள்.

"முட்டை ஓடு எந்த வீடும்மா?"

"முதல் வீடு ஐயா. தினமும் அங்கதான் ஆரம்பிப்பேன்."

"சருகு?"

"ஈரம் ஒட்டாம இருக்க டிரம்முக்கு அடியில போடுறது. காலையில எனக்கு முன்னாடியே வந்து ஓரகத்தி அக்கா போட்டு வச்சிடுவாங்க."

மோப்பக்காரர் அதிகாரியையும் ஓரகத்தியையும் அழைத்துவரச் சொன்னார். ஓரகத்தி இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"வண்டி உள்ளே வரும்போது டிரம்முக்கு மேல என்னம்மா தெரிஞ்சுது?"

"கண்ணாடிதான். எத்தனை தடவை சொல்றது?"

"டீத்தூள் தெரியலையா?"

"இல்லை. கண்ணாடி மட்டும்தான்."

மோப்பக்காரர் அதிகாரியிடம் திரும்பினார். "டிரம்மைக் கவிழ்த்தா எல்லாம் தலைகீழா மாறிடும் சார். கடைசியா விழுந்த டீத்தூள் தரையில இருக்கு. அப்போ கேட்டுல வரும்போது மேல இருந்தது டீத்தூள். கண்ணாடி அடியில, சருகுக்கும் அடியில இருந்திருக்கு. முதல் வீட்டுக்குப் போகும் முன்னாடியே, இந்தக் கிடங்குலயே போட்டது. பல்பு கடைக்காரர் பாவம், அவர் மேல தப்பில்லை."

மைத்துனரின் முகம் தொங்கிப்போனது.

"இந்தம்மா மேஜையில உட்கார்ந்தபடி, கவிழ்த்த குவியலைத்தான் பார்த்தாங்க. டிரம் தூக்கிப் பழக்கமில்லை. அதனால குவியல்ல மேல தெரிஞ்ச கண்ணாடி வழியிலேயே குலுங்கி மேல வந்திருக்கும்னு நினைச்சு, பார்க்காததைப் பார்த்ததா சொல்லிட்டாங்க. சருகு போட்டதும் இவங்கதான்."

ஓரகத்தி இடுப்பிலிருந்து கையை எடுத்தாள். பிறகு வெடித்தாள்.

"ஆமா, நான்தான்! இவளை இந்த வேலைக்குக் கூட்டிட்டு வந்தது யாரு? கையெழுத்துப் போடக் கத்துக்கொடுத்தது யாரு? நாளையிலிருந்து இவ வந்தா நான் எழுந்து நிக்கணுமா? சேதி வந்த நாள்லேர்ந்து மாமியார் இவளுக்குத்தான் முதல்ல தட்டு வைக்கிறாங்க. எனக்குப் பத்திக்கிட்டு வருது!"

வண்டிக்காரப் பெண் முன்னால் வந்தாள். "எனக்கும்தான் அக்கா பொறாமை. நான் வெயில்ல தள்ளும்போது நீங்க ஃபேனுக்கு அடியில உட்கார்ந்திருப்பீங்க. எட்டு வருஷமா வயிறு எரிஞ்சிருக்கேன். ஒரு நாளாவது உங்க மேஜையில கண்ணாடி போட்டேனா?"

ஓரகத்தி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அதிகாரி வண்டிக்காரப் பெண்ணிடம் திரும்பினார்.

"இவங்களை என்னம்மா பண்றது? வேலையை விட்டு எடுத்துடவா?"

"வேண்டாம் சார். இருக்கட்டும்." அவள் மோப்பக்காரரைப் பார்த்தாள். "ஐயா, எல்லாத்தையும் கண்டுபிடிச்சுட்டீங்க. எங்க வீட்டுல ஒரே அடுப்புதான். இன்னிக்கு அது முன்னாடி நாங்க ரெண்டு பேரும் எப்படி நிக்கிறது?"

மோப்பக்காரர் குச்சியைக் கீழே போட்டார்.