நான்கு தட்டு

எதிர்ச் சுவரில் கொக்கியில் தொங்கிய இரண்டாவது மாஸ்க் மூச்சு விட்டது.

முதலில் ஜம்பு அதைத் தன் மூச்சின் ஓசை என்றுதான் நினைத்தான். ஆக்சிஜன் மாஸ்க்கின் வால்வு, ஆள் இழுத்தால்தான் திறக்கும். திறக்கும்போது 'டிக்' என்று ஒரு சத்தம், பின்னாலேயே காற்றின் சீறல். இழுக்க ஆளில்லை என்றால் வருடம் முழுக்கத் தொங்கினாலும் வாயைத் திறக்காது. ஜம்பு மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டான். அவன் மாஸ்க் அடங்கியது. எதிரே டிக். சீறல். டிக். சீறல்.

வால்வு ஒழுகுகிறது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளவும் வழியில்லை. ஒழுகினால் விடாமல் ஒழுகும். இப்படி இழுத்து, நிறுத்தி, மறுபடி இன்னும் அவசரமாக இழுக்காது. பதினைந்து வருடம் தண்ணீருக்கடியில் பிழைப்பு நடத்தியவனுக்கு அந்த வேகம் நன்றாகத் தெரியும். பயந்துபோனவனின் மூச்சு அது.

காலை பதினொன்றரை மணி. 1998 ஜூலை, புனேயின் கேம்ப் பகுதியில் சர்ச்சுக்குப் பின்னால் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. அதன் பின்கட்டில், மும்பையில் ஏதோ டைவிங் கம்பெனி கழித்துக்கட்டிய இரும்புச் சேம்பர். உள்ளே இரண்டு பெஞ்சு, இரண்டு மாஸ்க், தட்டு அளவுக்கு ஒரு வட்டக் கண்ணாடி. கடலடியில் பதினெட்டு மீட்டரில் எவ்வளவு அழுத்தமோ அவ்வளவு காற்றை அதற்குள் அடைத்து, ஜம்புவைப் படுக்கப் போட்டிருந்தார்கள். இடுப்புக்குக் கீழே அவனுக்கு உணர்வே இல்லை. ஆழத்திலிருந்து வேகமாக ஏறினால் ரத்தத்தில் சோடாவைப் போல் குமிழி கிளம்பும். டைவர்கள் அதை பெண்ட்ஸ் என்பார்கள். ஜம்புவின் குமிழிகள் தண்டுவடத்தில் போய் உட்கார்ந்துகொண்டன. மறுபடி அழுத்தி, ஆக்சிஜன் கொடுத்து, ஐந்து மணி நேரம் மெல்ல மெல்ல அழுத்தத்தைக் குறைத்து, ஆழத்திலிருந்து தூக்குவதுபோல் ஏற்றினால் கால் திரும்பலாம். பாதியில் வெளியே எடுத்தால் திரும்பவே திரும்பாது.

துணைக்கு ஒரு நர்ஸ் உள்ளே வந்திருக்க வேண்டும். அவளுக்கு ஜலதோஷம். மூக்கடைப்போடு அழுத்தத்துக்குள் வந்தால் காது கிழிந்துவிடும். "நான் தனியாவே இருந்துக்கிறேன்" என்று ஜம்புதான் வீறாப்பாகச் சொன்னான். அவளுக்காக மாட்டிய மாஸ்க்தான் இப்போது மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

நேற்றுக் காலை இந்நேரம் கூட்டாளி பரமசிவம் உயிரோடு இருந்தான்.

மலைப்பக்கத்து அணையில், முப்பத்தெட்டு மீட்டர் ஆழத்தில், மதகுக் கம்பிகளில் அடைத்திருந்த குப்பையை எடுக்கும் வேலை. பரமசிவம் கீழே இறங்க, மேலே படகில் அவன் கயிற்றைப் பிடித்திருந்தான் ஜம்பு. ஆள் கீழே இருக்கையில் மதகுச் சக்கரத்தை யாரும் தொடக்கூடாது. பிம்ப்ரி காண்ட்ராக்டர் ரங்கராஜன் தொட்டார். அடைப்பு போய்விட்டதா என்று ஒரு தடவை திறந்து பார்த்துவிடலாமே என்று கால் சுற்றுச் சுற்றினார். கயிறு நான்கு முறை இழுபட்டது. டைவர்களுக்கு ஓர் இழுப்பு என்றால் 'நலம், அப்படியே இரு'. நான்கு என்றால் 'என்னைத் தூக்கு'. எந்தச் சைகை வந்தாலும் அதே எண்ணிக்கையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. ஜம்பு நான்கு திருப்பிக் கொடுத்தான். 'புரிந்தது, இதோ தூக்குகிறேன்' என்று அதற்கு அர்த்தம்.

தூக்கினான். அறுந்த கயிறுதான் வந்தது. இரண்டு முறை இறங்கித் தேடினான். இரண்டாம் முறை காற்று தீர்ந்து, எங்கும் நிற்காமல் மேலே வந்தான். ஜீப்பில் ஏற்றும்போதே கால் செத்துவிட்டது. பரமசிவம் இன்னும் கீழேதான் இருக்கிறான்.

போலீஸிடம் ரங்கராஜன் சொன்னது வேறு. ஜம்பு கயிற்றை விட்டுவிட்டானாம். அதை எழுதி ஒரு கோப்பில் வைத்துக்கொண்டு வந்து, கையெழுத்துப் போட்டால் ஆயுள் முழுக்கத் தான் பார்த்துக்கொள்வதாகக் காலையிலேயே ஆசை காட்டினார். படுத்த படுக்கையாகிவிட்டால் தன் தயவில்தானே கிடந்தாக வேண்டும் என்ற கணக்கு. ஜம்பு கையெழுத்துப் போடவில்லை. இரண்டு காலில் நடந்து ஸ்டேஷனுக்குப் போய் நடந்ததைச் சொல்லப்போகிறேன் என்று மனைவி வைஜயந்தியிடம் சபதமே போட்டிருந்தான். சேம்பருக்குள் எண்ணெய் ஆகாது, தீப்பிடிக்கும் என்றதால் அவள்தான் அவன் தலையைச் சீயக்காய் போட்டுக் கசக்கி அனுப்பியிருந்தாள்.

டிக். சீறல்.

சீயக்காய் வாசனைக்கு அடியிலிருந்து இன்னொரு வாசனை மெல்ல ஏறிவந்தது. பாசி, அழுகிய இலை, அடிமண், மதகுக் கம்பிகளின் துரு எல்லாம் கலந்த அணையின் அடிவயிற்று வாசனை. தரைப்பலகைகளுக்குக் கீழே அரை முழம் வெற்றிடம் உண்டு. அங்கிருந்துதான் வருகிறது என்று அவனுக்குத் தோன்றியபோதே, அங்கிருந்து யாரோ தட்டினார்கள்.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

யோசிக்க நேரமே இல்லை. அவசரத்துக்கென்று மணிக்கட்டில் கட்டிவிட்டிருந்த மரச்சுத்தியை அவன் கை தானாக எடுத்தது. இரும்புச் சுவரில் நான்கு முறை திருப்பித் தட்டியது. பதினைந்து வருடப் பழக்கம். தட்டி முடித்த பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது.

வெளியே அச்சுதன் கேட்டுவிட்டார். கடற்படையில் அவனுக்குச் சீஃப்பாக இருந்தவர், இப்போது இங்கே வால்வுகளைப் பார்ப்பவர். நான்கு கேட்டால் தூக்குவதுதான் அவருக்கும் தெரிந்த விதி. காற்று இரைச்சலோடு வெளியேறியது. அழுத்தம் இறங்க இறங்கச் சேம்பர் குளிர்ந்து, கண்ணெதிரே வெள்ளையாக மூடுபனி திரண்டது. விலாவைச் சுற்றி வலி இறுகியது. பனிக்குள் எதிர்ப்பெஞ்சைப் பார்த்தான்.

மாஸ்க் கொக்கியில் இல்லை. பெஞ்சுக்கு ஒரு முழம் மேலே நின்றது. அதன் வார், பின்னால் ஒரு தலையைச் சுற்றி மாட்டியதுபோல் விரிந்து இறுகியிருந்தது.

"சீஃப்! ஏத்தாதீங்க! இறக்குங்க!" என்று மைக்கில் அலறினான்.

"நீதானேடா நாலு தட்டின?" ஸ்பீக்கரில் அச்சுதன் குரல் கரகரத்தது. காற்று திரும்ப உள்ளே பாய்ந்தது. பனி கரைந்தது. மாஸ்க் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது, ஒன்றும் அறியாததுபோல.

"நான் தட்டலை. தட்டினேன், ஆனா நானா தட்டலை. இனிமே நாலு கேட்டா ஏத்தாதீங்க சீஃப்."

"நாலு கேட்டா எப்படிடா சும்மா இருக்கிறது? இந்த மைக்கை வேற நம்ப முடியாது. ஒண்ணு பண்ணு. நாலு கேட்டப்புறம் அரை நிமிஷம் பார்ப்பேன். அதுக்குள்ள உன்கிட்டேர்ந்து ஒத்தத் தட்டு வந்தா இருக்க விடறேன். வரலைன்னா நீ மயங்கிட்டேன்னு நினைச்சு ஏத்திடுவேன்."

"வரும் சீஃப்."

வட்டக் கண்ணாடியில் ரங்கராஜனின் முகம் தெரிந்தது. கையில் அதே கோப்பு. உதட்டை அசைத்து என்னவோ கேட்டுச் சிரித்தார். ஜம்பு முகத்தைத் திருப்பிக்கொண்டான். அடுத்த முறை மைக்கை அழுத்தியபோது அது செத்திருந்தது.

பன்னிரண்டு மணி சுமாருக்கு மறுபடி நான்கு. ஜம்பு ஓங்கி ஒன்று தட்டினான். கால் மணி கழித்து நான்கு. அவன் ஒன்று. பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்தது. நான்கு. ஒன்று. நான்கு. ஒன்று. தட்டும் இடம் தரைக்குக் கீழே நகர்ந்துகொண்டே வந்தது. கதவருகே, பெஞ்சின் நடுவில், பிறகு அவன் தலைக்கு நேர்கீழே. ஒவ்வொரு முறையும் அவன் கை நான்கு தட்டத்தான் துடித்தது. பயமாக இருந்தது. பயத்தைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

"பரமு," என்றான் வாய்விட்டு. அழுத்தக் காற்றில் அவன் குரல் அவனுக்கே மூக்கால் பேசுவதுபோல் கேட்டது. "டேய், நான் கயிற விடலைடா. உனக்கே தெரியும். ரெண்டு தடவை இறங்கினேன். இப்ப உனக்காக ஏறினா என் கால் போயிடும். அந்தாளு எழுதினதுதான் நெசமாயிடும். நான் ஏற மாட்டேன். உனக்கு ஏறணும்னா என்கூட ஒழுங்கா, மெதுவா ஏறு."

மாஸ்க்கின் மூச்சு ஒரு கணம் நின்றது. பிறகு இன்னும் வேகமாக. டிக், டிக், டிக்.

மணிக்கட்டுக் கயிறு இறுகியது.

சுத்தியை யாரோ கீழே இழுத்தார்கள். முடிச்சு அறுந்தது. பலகை இடுக்கில் மரம் உரசிக்கொண்டு போகும் சத்தம். அப்புறம், அதே மரச்சுத்தியால், கீழேயிருந்து.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

அரை நிமிடம்.

முஷ்டியால் குத்தினான். இந்தக் கனத்த இரும்பைத் தாண்டி அது கேட்காது. குனிந்து எடுக்கக் காலில்லை. இருபது நொடி. காற்றுக்குழாயில் அச்சுதனின் கை படும் அதிர்வு வந்தது.

ஜம்பு கழுத்தைப் பின்னால் இழுத்து, நெற்றியால் சுவரை மோதினான்.

ஒன்று.

ரத்தம் புருவத்தில் வழிந்தது. குழாய் அடங்கியது. "அடி," என்றான் ஜம்பு. "நீ எத்தனை தடவை வேணா அடி."

அது அடித்தது. அவன் மோதினான். நான்கு. நெற்றி. நான்கு. நெற்றி. எண்ணுவதை விட்டுவிட்டான். முறைப்படி அழுத்தம் இறங்கத் தொடங்கியபோது மறுபடி பனி வந்தது. கண்ணை மூடிக்கொண்டே மோதினான். எதிர்ப்பெஞ்சு கிறீச்சிட்டது. இறங்குகிற எடை. ஈரத்துணி தரையில் இழுபடும் சத்தம். அவன் பெஞ்சின் கால்மாட்டில் வந்து நின்றது.

இடது கணுக்கால் குளிர்ந்தது.

முதலில் அவனுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. கால்! காலில் குளிர் தெரிகிறது! ஒரு நாள் முழுக்கச் செத்துக் கிடந்த கால் தெரிகிறது. சந்தோஷத்தில் வாய்விட்டு அழுதான். பாதம் இன்னும் இல்லை, முழங்கால் இன்னும் இல்லை. கணுக்கால் மட்டும். அதைச் சுற்றி ஐந்து இடத்தில் தனித்தனியாகக் குளிர்.

ஐந்து விரல்.

உதறவில்லை. "பிடிச்சுக்கோ," என்றான். "விட்டுடாதே." அதன்பின் தட்டல் வரவில்லை. மாஸ்க்கும் மெதுவாக, ஒரே சீராக மூச்சு விட்டது.

நான்கரை மணிக்குக் கதவு திறந்தது. அதற்குள் முழங்கால் வந்திருந்தது, பாதம் வந்திருந்தது. வெளிச்சத்தில் நின்ற வைஜயந்தி அவன் நெற்றியைப் பார்த்து அலறினாள். அவன் எழுந்து நின்றதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அச்சுதன் தோளைத் தாங்க வந்தார். ஜம்பு வேண்டாம் என்று தலையசைத்தான். வலது கால் சுலபமாக வந்தது. இடது காலை இழுத்து இழுத்துத்தான் வைக்க வேண்டியிருந்தது. அது கனத்தது. ஓர் ஆள் கனம்.

"அட, நடக்கவே ஆரம்பிச்சிட்டீங்களே ஜம்பு," என்று ரங்கராஜன் கோப்போடு முன்னால் வந்தார். "எனக்கு எவ்வளவு நிம்..."

அவர் ஜம்புவின் முகத்தைப் பார்க்கவில்லை. இடது காலைப் பார்த்தார். காலுக்குப் பின்னால் சேம்பர் வரைக்கும் பார்த்தார். வைஜயந்தி பார்க்கவில்லை. அச்சுதனும் பார்க்கவில்லை. ரங்கராஜன் மட்டும் சுவரோடு போய் ஒட்டிக்கொண்டார்.

கணுக்காலை அந்த விரல்கள் அழுத்தின. ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

காலையிலிருந்து மறுத்த பதிலை ஜம்பு இப்போது கொடுத்தான். வலது காலைத் தூக்கித் தரையில் நான்கு முறை ஓங்கி மிதித்தான்.

விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன. சிமெண்டுத் தரையில் ஈரமாக ஒரு கை பதிந்தது. ஒரு முழம் தள்ளி இன்னொரு கை. ரங்கராஜனின் கையிலிருந்து கோப்பு நழுவி, விரிந்து விழுந்தது. ஜம்பு கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில், சேறும் பாசியுமாக, மூன்றாவது கை பதிந்தது.