அவள் அண்ணன் பிடிக்கிற கயிறு

டிரம்மில் இருந்த தண்ணீர் உப்புக் கரித்தது.

டெல்பின் ஒரு வாய் குடித்துவிட்டு அடுப்படித் தொட்டியில் துப்பினாள். தெருக்குழாயில் நேற்றுப் பிடித்த நல்ல தண்ணீர்தான். அதே குழாயில் பிடித்த பக்கத்து வீட்டுப் பிச்சம்மாளிடம் ஒரு செம்பு வாங்கிக் குடித்துப் பார்த்தாள். அது நன்றாகத்தான் இருந்தது.

"கருவாடு அலசின கையோட மோந்திருப்பளா. டிரம்மக் கழுவி எத்தன நாளாச்சு ஒனக்கு?" என்று பிச்சம்மாள் சிரித்தாள். "ஓம் மாப்பிள்ள இப்பல்லாம் துணிகூட காயப்போடுதாரே, அவர்ட்ட சொல்லு, டிரம்மையும் கழுவித் தருவாரு."

டெல்பினும் சிரித்து வைத்தாள். வீட்டுக்குள் வந்து டிரம்மை மூடி வைத்தாள்.

அவள் புருஷன் ஜாக்சன் திரேஸ்புரத்திலிருந்து கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கப் போகிறவன். கல்யாணமான நாளிலிருந்து படகில் அவனுக்குக் கயிறு பிடித்தது அவள் அண்ணன் ஜேசுபாதம். அடியில் கிடக்கிறவன் உயிர் மேலே கயிறு பிடிக்கிறவன் கையில் இருக்கிறது. அதனால் அந்தக் கயிற்றைப் பெண்டாட்டியின் உடன்பிறந்தவனிடம்தான் கொடுப்பார்கள். தங்கச்சியைத் தாலியறுக்க வைக்க எந்த அண்ணனுக்கும் மனசு வராது.

ஜேசுபாதம் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போனான். அவனுக்குப் பதில் கூலிக்கு வந்தவன் ஒரு நாள் கயிற்றைக் காலில் சுற்றிக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஜாக்சன் கீழேயிருந்து இழுத்த இழுப்பு அவனுக்குத் தெரியவே இல்லை. எப்படியோ பிழைத்து வந்தவனுக்கு அதற்குப் பிறகு கடலைக் கண்டாலே கை நடுங்கியது. குடித்தான். குடித்துவிட்டு அழுதான்.

அப்போதுதான் கொடைக்கானல் லாட்ஜில் வேலை பார்க்கிற கூட்டாளி ஒருவன் அந்த பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தான். பழுப்புப் பொடி அடைத்த மாத்திரைகள். ஜாக்சன் அதை மாதா சுரூபத்துக்குப் பின்னால் வைத்தான்.

"காளான் பொடிதாம்ளா. பாலுக்கு ஒற ஊத்துத மாதிரி கொஞ்சமே கொஞ்சம். போதைலாம் ஏறாது. பயம் மட்டும் எறங்கிரும்."

இறங்கத்தான் செய்தது. ஒன்றிரண்டு நாள் விட்டு ஒரு மாத்திரை. குடியை விட்டான். கை நடுக்கம் நின்றது. காலையில் கயிறும் முகமூடியும் வலைப்பையுமாகக் கிளம்பினான். ஒரு நாள் அவள் தக்காளி நறுக்கும்போது பக்கத்தில் வந்து குனிந்து, "உள்ள பாரு, எவ்வளவு அழகா கெட்டி வச்சிருக்கான் ஆண்டவன்" என்றான். அவளுக்கு அழுகையே வந்தது. கேட்ட ஜெபம் பலித்துவிட்டது என்று நினைத்து மாதா கோயிலில் மெழுகுதிரி ஏற்றிவிட்டு வந்தாள்.

உறை ஊற்றிய பால் மேலுக்கு அப்படியேதான் இருக்கும். உள்ளே எப்போது மாறுகிறது என்று யாருக்கும் தெரியாது.

அவன் சிரிப்பு அவளைப் பார்த்து வருகிற சிரிப்பு இல்லை என்று எந்த நாளில் தோன்றியது என்று டெல்பினுக்கும் சொல்லத் தெரியவில்லை. சாப்பிட்டு முடித்ததும் "நல்லாருந்துச்சு" என்பான், விருந்துக்கு வந்தவன் மாதிரி. பாயில் படுத்துக் கூரையைப் பார்த்துச் சிரிப்பான். நெருங்கிப் படுத்தால் மெதுவாக நகர்ந்துகொள்வான். வீட்டுக்குள் கொஞ்ச நேரம் இருந்தாலே நெஞ்சைத் தடவிக்கொண்டு, "இங்கன மூச்சு முட்டுதுளா" என்று வெளியே ஓடுவான். திரும்பி வரும்போது வாசற்படியில் நின்று, கண்ணை மூடி, நெஞ்சு நிறைய ஒரு மூச்சு இழுத்த பிறகே உள்ளே காலை வைப்பான். சாக்கடையைத் தாண்டுகிறவன் மாதிரி. என் வீடு அவ்வளவு நாறுகிறதா என்று டெல்பின் தரையை பினாயில் ஊற்றித் தேய்த்தாள். அப்படியும் அவன் மூச்சை இழுத்துக்கொண்டுதான் வந்தான்.

சாமான்களும் காணாமல் போயின. முதலில் சீப்பு. பிறகு அவள் பெயர் வெட்டின டம்ளர். ரோஸ் கலர் நகப்பூச்சு. காற்றில் கதவு அடிக்காமல் இருக்க முட்டுக் கொடுத்திருந்த கல்கூட. அவள் பாட்டனார் முத்துக் குளித்த காலத்தில் காலை வைத்துக் கடலடிக்கு இறங்கின கல் அது. கடைசியாக, ஜோடியில் ஒரு கொலுசு.

கரண்டி ஒன்றை அவன் சங்கு போடுகிற வலைப்பைக்குள் வைப்பதை அவள் கண்ணாலேயே பார்த்தாள்.

"என் கொலுசு எங்க?"

"கீழ கெடந்துச்சு. எடுத்துட்டேன்."

"எடுத்து யாருக்குக் குடுத்தீங்க?"

அவன் சோற்றைப் பிசைந்தான். அவள் குரலை இறக்கிக்கொண்டு வேறு மாதிரி கேட்டாள்.

"அண்ணன் போயிட்டானே. இப்ப யாரு ஒங்களுக்குக் கயிறு பிடிக்கா?"

"அவ அண்ணந்தான்."

"எவ அண்ணன்?"

ஜாக்சன் நிமிர்ந்து பார்த்தான். இதைப் போய்க் கேட்கிறாளே என்று குழம்புகிற பார்வை. உதடு லேசாக நீலம் பாரித்திருந்தது. கையைக்கூடக் கழுவாமல் எழுந்து வாசலுக்கு ஓடினான்.

அன்று சாயங்காலம் அவள் மஸ்கட்டுக்குப் போன் போட்டாள்.

ஜேசுபாதம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். பிறகு சொன்னான்: "அழாதளா. ஒண்ணு சொல்லுதேன், மனச திடமா வச்சிக்க. நேத்து போட்டுக்காரர்ட்ட பேசினேன். ஜாக்சன் கடலுக்கு வந்து மாசக்கணக்காகுதுங்காரு."

"தெனமும் கயித்த எடுத்துட்டுப் போறாரே அண்ணே."

"எங்க போறான்னு எனக்கு எப்படித் தெரியும்? கயிறு பிடிக்கவன் தங்கச்சி வீட்டுக்குத்தான் குளிக்கவன் கரையேறிப் போவான். நான் பிடிச்சேன், ஒன்ட்ட வந்தான்."

அவள் போனை வைத்தாள். அப்படியானால் ஒருத்தி இருக்கிறாள். அவளுக்கு ஒரு அண்ணனும் இருக்கிறான். என் சீப்பில் தலை வாருகிறாள். என் டம்ளரில் குடிக்கிறாள். என் கொலுசைப் போட்டுக்கொண்டு நடக்கிறாள். டெல்பினுக்கு அவள் முகம் வேண்டும். ஒரே ஒரு தடவை பார்த்தால் போதும் என்று இருந்தது.

மறுநாள் நல்ல உச்சி வெயிலில் ஜாக்சன் வந்தான். படியில் நின்று மூச்சை இழுத்தான். உள்ளே வந்து கட்டிலில் படுத்தான். வலைப்பையைப் பக்கத்தில் வைத்துக் கண்ணை மூடினான்.

அவர் பார்க்கிறதை நானும் பார்க்கிறேன் என்று டெல்பின் சுரூபத்துக்குப் பின்னால் கையை விட்டாள். பாட்டிலை உள்ளங்கையில் கவிழ்த்தாள். ஒன்று இல்லை. ஒரு கைப்பிடி. உறை கூடிப்போனால் பால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அந்த உப்புத் தண்ணீரிலேயே விழுங்கினாள். கட்டிலைப் பார்த்து அடுப்படி வாசலில் உட்கார்ந்தாள்.

முதலில் நாற்றம்தான் வந்தது, பினாயிலுக்கும் மீன் குழம்புக்கும் அடியில் எங்கோ கிடந்து மெல்ல மேலே வருகிற பாசி நாற்றம், பழைய சங்கைக் கொதிக்க வைக்கும்போது வருமே அந்த நாற்றம். பிறகு ஓடாத மின்விசிறியிலிருந்து படகு மோட்டாரின் டுபுடுபு சத்தம் கேட்டது. பிச்சம்மாள் வீட்டு டிவி பக்கத்துச் சுவரிலிருந்து கேட்காமல் ரொம்ப உயரத்திலிருந்து கேட்டது. காற்றே இல்லாமல் ஜன்னல் துணி ஒரு பக்கமாகச் சாய்ந்து, யோசித்துவிட்டு, மறுபக்கம் சாய்ந்தது. தேய்த்த தரையில் வெளிச்சம் வலை வலையாக ஆடியது. அவளுடைய பின்னல் கழுத்தைவிட்டு மெதுவாக எழுந்து தோளுக்கு மேல் நின்றது.

அப்போது கயிறு தெரிந்தது.

ஜாக்சன் இடுப்பில் கட்டியிருந்தது. ஈரமாக இருந்தது. விறைப்பாக இருந்தது.

வாசல் வழியாக அந்த ஒருத்தி வீட்டுக்குப் போகும் என்று நினைத்தாள். வாசலுக்குப் போகவில்லை.

மேலே போனது.

டெல்பின் நிமிர்ந்தாள். கூரை இல்லை. வெள்ளையாக, பளபளவென்று, அசைந்துகொண்டே ஒரு வெளிச்சம். அதற்கு நடுவில் கறுப்பாக, நீளமாக, படகின் அடிவயிறு.

படகு மேலே இருந்தது. அவள் கீழே இருந்தாள்.

அவளுக்கு எல்லாம் புரிந்தது. அவன் வாசலில் இழுத்த மூச்சு. நெஞ்சைத் தடவினது. கீழ கெடந்துச்சு, எடுத்துட்டேன். அவன் இங்கிருந்து அங்கே போகவில்லை. அங்கிருந்து இங்கே குளிக்க வருகிறான்.

படகின் விளிம்பில் ஒரு தலை எட்டிப் பார்த்தது. ஆண். பக்கத்தில் இன்னொரு தலை. நீளமான முடி. வெளிச்சத்துக்கு எதிரே முகம் தெரியவில்லை.

கயிறு அசைந்தது.

தூக்கத்திலேயே ஜாக்சன் சிரித்தான். அவள் இழந்துபோன அந்தச் சிரிப்பு. அவன் முதுகு கட்டிலைவிட்டு எழும்பியது. வலைப்பையும் கூடவே எழும்பியது.

"போகக் கூடாது."

மீன் வெட்டுகிற கத்தி கைக்கு வந்தது. ஓடினாள். ஓட முடியவில்லை. கால் தரையில் பாவவில்லை. கயிற்றை எட்டிப் பிடித்தாள். அறுத்தாள். ஒவ்வொரு இழையாக அறுத்தாள்.

கயிறு பாம்பு போல நெளிந்து மேலே போனது.

ஜாக்சன் மெல்ல இறங்கிக் கட்டிலில் படிந்தான். கண்ணைத் திறந்தான். அவளையே பார்த்தான். இத்தனை மாதத்தில் முதல் தடவையாக, டெல்பினை டெல்பின் என்று தெரிந்து பார்த்தான். பேர் சொல்லிக் கூப்பிட வாயைத் திறந்தான்.

குமிழி வந்தது.

பெரிய குமிழி. பிறகு சின்னச் சின்னதாக நிறைய. கை தொண்டையைப் பிடித்தது. மேலே காட்டியது. மறுபடியும் மேலே.

"வேண்டாம். இங்கன இருங்க. என்கூட இருங்க."

அவள் அவன் மேல் படுத்துக்கொண்டாள். அமுக்கினாள். அவன் கால் உதைத்தது. அவள் விடவில்லை. அந்தச் சிரிப்பு இனி யாருக்கும் கிடையாது. அவன் விரல்கள் அவள் முதுகைப் பிராண்டின. மெதுவாகப் பிராண்டின.

பிறகு நின்றன.

குமிழியும் நின்றது. அவன் தலைமுடி மட்டும் ஆடியது. கண் திறந்தே இருந்தது. டெல்பின் அவன் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். இனி எங்கேயும் போகமாட்டான்.

மேலே படகின் நிழல் நகரவில்லை.

படகு போகவில்லை. அங்கேயே நின்றது. ஒரு தலைதான் தெரிந்தது. கயிறு பிடிக்கிற அண்ணன் தலை.

வெளிச்சம் உடைந்தது. புதுக் கயிறு ஒன்று இறங்கியது. நுனியில் ஒரு கல். டெல்பின் வீட்டுக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த கல்.

மெதுவாக. ரொம்ப மெதுவாக.

ஜல்.

கல்லின் மேல் ஒரு பெண்ணின் பாதம். ரோஸ் கலர் நகம். கணுக்காலில் டெல்பினின் கொலுசு.