நான்காவது விளக்கு

வேலம்பாளையத்துச் சாயப்பட்டறை வாசலில், முகத்தைப் பார்த்து வருகை பதியும் இயந்திரம் வெள்ளிக்கிழமை காலை பிரிசில்லாவிடம் மூன்று முறை ஒரே வாக்கியத்தைச் சொன்னது: “ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் நிற்கவும்.”

அவள் திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாருமில்லை.

“மெசினுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சாட்ட இருக்குது,” என்று சிரித்தபடி வாட்ச்மேன் மயில்சாமி நோட்டை நீட்டினார். “கையெழுத்துப் போட்டுட்டுப் போ கண்ணு.”

“மூஞ்சி உரியுதுங்கண்ணா, அதனாலதானுங்க,” என்றாள்.

தோல் உரிவதில் மர்மம் ஏதுமில்லை. மேல்தோலின் செத்த செல்கள் செங்கல்போல அடுக்கியிருக்க, நடுவே ஒருவிதப் பசை அவற்றைப் பிடித்திருக்கும். கிளைகாலிக் அமிலம் அந்தப் பசையைத் தளர்த்தும். மேலடுக்கு கழன்று உதிரும்போது தோலின் துளைகளை அடைத்துப் பருவாக்கிய கசடும் வெளியேறும். அடியிலிருந்து புதுத்தோல் மேலே வரும். அமிலம் எத்தனை நிமிடம் தோலில் இருக்கிறது, எப்போது காரக் கரைசல் தடவி அதை அடக்குகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. போன வாரம் கிளினிக்கில் மூன்று நிமிடம் வைத்தார்கள். அடுத்தது ஒரு மாதம் கழித்து என்றார் டாக்டர்.

அவளுக்கு ஒரு மாதம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை பூபாலன் அவளைப் பார்த்ததெல்லாம் போனில், கேமரா தானாகவே பருக்களை அழித்துக் காட்டிய படங்களில்தான். அவள் வேலை பார்க்கும் பட்டறை லேபில், துணி கேட்ட ஷேடுக்கு, அதாவது நிறத்துக்கு, வராவிட்டால் வெளியே எடுக்கமாட்டார்கள். அதே தொட்டியில் இன்னும் கொஞ்சம் சாய மருந்து விட்டு, இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டுவார்கள். அடிஷன் என்று பெயர். ஆறு வருடமாக அதைச் செய்து பழகிய கை, புதன்கிழமை வீட்டில் அதே அமிலத்தை வாங்கித் தன் முகத்துக்கே ஓர் அடிஷன் போட்டது. ஏழு நிமிடம். எரியவேயில்லை. கடைசி நிமிடத்தில் மட்டும், கன்னங்களுக்கு அடியில் ஏதோ லேசாகப் புரண்டது.

“சுட்ட கத்திரிக்காயாட்ட உரிஞ்சிருக்கற புள்ள,” என்றாள் லேபில் மூத்தவளான ஜெயபாரதி. “மாப்பளகாரரு பயந்துக்கப் போறாரு.”

“அதுக்குள்ள உதுந்துருமுங்க்கா.”

“உதுரட்டும். நீயாப் பிச்சுப்போடாத.”

பேசி முடிக்கும்வரை ஜெயபாரதி பிரிசில்லாவின் கண்களைப் பார்க்கவில்லை. கண்களுக்குச் சற்றுக் கீழே பார்த்தே பேசினாள். அப்படிப் பார்ப்பது ஜெயபாரதிக்கே தெரிந்ததாகத் தோன்றவில்லை.

பதினொரு மணி டீக்கு எல்லோரும் போனபின், ஈர நூலின் வாடையும் அசிட்டிக் அமிலத்தின் புளித்த நெடியும் தேங்கிய லேபில், சுவருக்கு அப்பால் சாய மெசின்கள் நீரை உறிஞ்சி உறிஞ்சித் துப்பும் ஓசையைக் கேட்டபடி, பிரிசில்லா ஜன்னலில்லாத ஷேடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். ஒரே துணி வெயிலில் ஒரு நிறமாகவும் கடை வெளிச்சத்தில் வேறு நிறமாகவும் தெரியும். அதைக் கண்டுபிடிக்கத்தான் உள்ளே சாம்பல் வண்ணம் பூசிய அந்தப் பெட்டி. நான்கு பொத்தான்கள், நான்கு விளக்குகள். ஞாயிற்றுக்கிழமை எந்த வெளிச்சத்தில் உட்கார்ந்தால் நல்லது என்று அவளுக்குத் தெரியவேண்டும். கைக்கண்ணாடியை உள்ளே சாய்த்துவைத்து, தலையை நுழைத்தாள்.

பகல் விளக்கு. சிவந்த, பொருக்கு விட்ட அவள் முகம்.

கடை விளக்கு. பரவாயில்லை.

வீட்டின் மஞ்சள் விளக்கு. இரண்டு கன்னத்திலும் துளைகள். கண்ணுக்கு ஒரு விரல் கீழே, வில்போல வளைந்து, வரிசையாக.

நான்காவது, புற ஊதா. வெள்ளைப் பனியன் துணி மட்டுமே அதில் நீலமாக ஒளிரும்.

அவள் கன்னங்கள் ஒளிர்ந்தன.

ஒவ்வொரு துளையிலும் ஒரு முடி. மெல்லியது. கருப்பு. நுனி மேல்நோக்கி வளைந்திருந்தது.

இமைமுடி.

பொருக்கின் ஓரம் தொங்கியது. பிய்க்கக்கூடாது என்று தெரியும். விரல் போயிற்று. இழுத்தாள். வலியில்லை. முழுதாக, ஈரத்தாளைப்போல, தாடைவரை வந்தது.

கன்னத்துக்கு ஒன்றாக இரண்டு இமைகள். மூடியிருந்தன. அடியில் ஏதோ உருண்டது. இடம். வலம்.

பிரிசில்லா கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

பெட்டி தெரிந்தது. நீல வெளிச்சம் தெரிந்தது. கண்ணாடி தெரிந்தது. அதில், இறுக மூடியிருந்த அவளுடைய இரண்டு கண்களும் தெரிந்தன.