இரண்டு தட்டினால் கியர்

கியரை ட்ரைவில் போட்டுப் பன்னிரண்டு வரை எண்ணியும் லொறி அசையவில்லை. முந்தின மாலை பனி கொட்டி மலைப்பாதையை அடைத்துவிட்டதால், பனியில் வழுக்காமல் சில்லுகளுக்குச் சங்கிலி மாட்டுவதற்கென்று விட்டிருந்த பாதையோரத்திலேயே நிறுத்திவிட்டு, இரவு முழுக்கக் கம்பளிக்குள் சுருண்டு கிடந்தான் இந்திரகுமார். இப்போது காலை ஏழு மணி. வெளியே மைனஸ் ஒன்பது. கண்ணாடிகளிலெல்லாம் உறைபனி அப்பியிருக்க, வெளிச்சம் பால் கரைத்த தண்ணீர்போல உள்ளே வந்தது; டீசல் வாடை, ஈரச் சப்பாத்தின் வாடை, என்ஜினின் உறுமல், அதற்கும் அடியில் எங்கோ ஒரு மெல்லிய உரசல்.

குளிரில் ஆட்டோமேட்டிக் கியர்பெட்டி அடம்பிடிக்கும் என்பது அவனுக்குத் தெரியாததல்ல. எண்ணெய் கூழாக இறுகிவிடும், கியர் பிந்தித்தான் பிடிக்கும். நியூட்ரலில் விட்டு என்ஜினைச் சும்மா ஓடவிட வேண்டும், அவசரப்பட்டு ஆக்சிலேட்டரை மிதிக்கவே கூடாது. இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தவன் சச்சிதானந்தன். மனைவியின் அண்ணன், லொறியும் அவனுடையதுதான். ஆறு குளிர்காலம் இந்த மலைக்குப் பாலும் மரக்கறியும் ஏற்றினவன், இந்த வருடம் முழங்கால் நோவு என்று சொல்லி மச்சானை அனுப்பிவிட்டான். நகரத்தில், கிரெய்கிபர்னிலிருந்த தன் வீட்டு வாசலில் தன் ஜாக்கெட்டையே கழற்றி இந்திரகுமாருக்கு மாட்டி, சின்னப் பிள்ளைக்குச் செய்வதுபோலக் கழுத்துவரை சிப்பையும் இழுத்துவிட்டான். நெஞ்சில் சச்சி என்று நூலால் தைத்த ஜாக்கெட். இப்படியொரு மச்சான் யாருக்குக் கிடைப்பான் என்று இந்திரகுமாருக்குக் கண்கூடக் கலங்கியது.

நியூட்ரலுக்கு மாற்றிவிட்டுக் காத்திருந்தான். பத்து நிமிடம் போனது. உரசல் நின்றது.

பிறகு, அவன் காலடியில், இரும்பில் இரண்டு தட்டு.

இரும்பு சூடேறும்போது சத்தம் போடத்தான் செய்யும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சற்று விட்டு மறுபடியும் இரண்டு. அளந்து தட்டினதுபோல. அவர்களுடைய லொறி யார்டில், லொறிக்குக் கீழே படுத்து வேலை செய்பவன் மேலே இருப்பவனுக்கு ஸ்பானரால் சொல்லும் பாஷை அது. ஒன்றென்றால் நியூட்ரல், இரண்டென்றால் கியரைப் போடு, மூன்றென்றால் நான் வெளியே வருகிறேன். சச்சி ஏற்படுத்தின வழக்கம், வேறு எந்த யார்டிலும் கிடையாது.

போனில் சிக்னல் ஒரு கோடு இருந்தது. சச்சிக்கு எடுத்தான்.

"மச்சான், லொறிக்குக் கீழை ஆரோ தட்டுறாங்கள்."

விசரா என்று ஏசுவான், இல்லாவிட்டால் சிரிப்பான் என்றுதான் எதிர்பார்த்தான்.

"எத்தினை தரம்?" என்றான் சச்சி.

இதைக் கேட்டதும் ஒரு மனிதன் திருப்பிக் கேட்கிற கேள்வியா அது?

"ஆர் மச்சான் அது?"

"பாலா."

போன குளிர்காலம் சச்சியோடு மாறிமாறி இந்த லொறியை ஓட்டினவன். விசா முடிந்து ஊருக்குத் திரும்பிவிட்டான் என்று சச்சி சொன்னான், எல்லோரும் நம்பினார்கள். தேடுவதற்கு அந்த மனிதனுக்கு இங்கே யாரும் இருக்கவில்லை.

"உந்த இடத்திலைதான். இப்பிடித்தான் கியர் பிடிக்கேல்லை," சச்சியின் குரல் தேய்ந்தது. "அவன் கீழை பூந்து பார்த்தவன். ரெண்டு தட்டினான், நான் போட்டன், அசையேல்லை. போட்டபடியே விட்டிட்டன். அவன் இன்னும் உள்ளுக்குப் போனான். பிறகுதான் கியர் பிடிச்சது, சில்லு ஏறிட்டுது... ஆருமே பாக்கேல்லை. பக்கத்திலை பள்ளம், நல்ல பனி..."

"தெரிஞ்சுகொண்டோ என்னை அனுப்பினனீங்கள்? உங்கடை தங்கச்சியின்ரை புருஷனை?"

"யார்டுக்கும் வந்து தட்டத் தொடங்கிட்டானடா. ஒவ்வொரு நாளும். என்னைத்தான் தேடுறான். ஒருக்கா சச்சி எண்டு ஆராவது மலைக்கு வந்து போனா அடங்கிடுவான் எண்டு..." சச்சி நிறுத்தினான். பிறகு, அக்கறையோடு கேட்பதுபோலக் கேட்டான். "ஜாக்கெட்டைப் போட்டிருக்கிறாய்தானே?"

போன் கையிலிருந்து நழுவியது.

வாசலில் நின்று சிப்பை இழுத்துவிட்ட அந்தக் கை கண்ணுக்குள் வந்தது. அன்புக்கு மாட்டின ஜாக்கெட் இல்லை அது. பாவி, தன் பெயரையே இன்னொருவன் நெஞ்சில் பூட்டி அனுப்பியிருக்கிறான். பயத்தைவிட அதுதான் முதலில் சுட்டது.

கியரை ட்ரைவில் போட்டான். ஒன்று. இரண்டு. மூன்று.

சிப்பைப் பிடித்து இழுத்தான். விரல் மரத்துப் போயிருந்தது. கழுத்தடியில் துணியைக் கவ்விக்கொண்டு சிப் இறங்க மறுத்தது. ஆறு. ஏழு. லொறி அசையவில்லை.

தட். தட். தட்.

மூன்று.

உரசல் மறுபடியும் தொடங்கி, அடியிலிருந்து இடது பக்கமாக நகர்ந்தது. படியில் பாரம் ஏறியது. கபின் அந்தப் பக்கம் சரிந்தது. பத்து. பதினொன்று.

பன்னிரண்டு.

பக்கக் கண்ணாடியின் உறைபனியை வெளியிலிருந்து ஒரு கை துடைத்தது. மெதுவாக. வட்டமாக. துடைத்த இடமெல்லாம் கியர் எண்ணெயின் சிவப்பு. அந்த வட்டத்துக்குள் ஒரு முகம் வந்து ஒட்டியது, ஒரு பக்கம் முழுக்கத் தட்டையாய். இந்திரகுமாரின் முகத்தை அது ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அவன் நெஞ்சில் தைத்திருந்த பெயரை, உதட்டை அசைத்து, எழுத்தெழுத்தாக வாசித்தது.