மழைமானியில் மட்டும் பெய்த மழை

துப்பறியும் அம்மாள் வீட்டுக்குப் பால்பண்ணைக்காரி கோபத்தோடு வந்து உட்கார்ந்தாள். தொலைவில் ஓர் அணு உலை கசிந்து, கதிரியக்கத் தூசு நேற்று காற்றோடு அவள் புல்வெளிக்கு மேலே போயிருந்தது. தூசு எங்கே இறங்கும் என்று கணிக்கும் அலுவலகத்தின் வரைபடம் அவள் நிலத்தைச் சிவப்பாகக் காட்டியது. கறந்த பாலைக் கொட்டச் சொல்லிவிட்டார்கள். நாளை மாடுகளையே பிடித்துப்போகப் போகிறார்கள்.

"மழை தூசைக் கீழே இறக்கிடுச்சாம். நேத்து ஒரு பொட்டு மழைகூட இல்லைங்க."

அம்மாள் நிதானமாகக் கேட்டுக்கொண்டார். தன்னைத்தானே உதவியாளராக நியமித்துக்கொண்ட அவருடைய மாப்பிள்ளையோ, மலைக்கு அந்தப் பக்கம் பால்பண்ணை வைத்திருக்கும் அவளுடைய போட்டிக்காரர்தான் குற்றவாளி என்று அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

அலுவலகத்தின் கணிப்பாளரையும் கூட்டிக்கொண்டு, புல்வெளி ஓரத்தில் அலுவலகம் வைத்திருந்த மழைமானியைப் பார்க்கப் போனார்கள். வேலிக்கம்பம், கருவிப்பெட்டி எல்லாவற்றிலும் பறவை எச்சம் அப்பிக் காய்ந்திருந்தது. மழைமானியின் புனல் மட்டும் பளிச்சென்று இருந்தது.

"அத்தை, எவனோ தடயத்தைத் துடைச்சிருக்கான்."

"துடைக்கலை மாப்பிள்ளை, கழுவியிருக்காங்க. மழைன்னா கம்பத்தையும் சேர்த்துதானே கழுவியிருக்கும்?" மழைமானியைப் பார்த்துக்கொள்ளும் காவலாளி பக்கம் அம்மாள் திரும்பினார். "மேலதிகாரி வர்றதா இருந்தாங்களா?"

காவலாளி நெளிந்தார். பார்வையிட வருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, நேற்று இரண்டு செம்பு தண்ணீர் ஊற்றித் தேய்த்ததாக ஒப்புக்கொண்டார். விழுந்த நீரையெல்லாம் மழை என்றே எண்ணும் மழைமானி, அதையும் தானாக அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டது. தூசு புல்வெளிக்கு மேலே வந்த நேரமும் அதுவாகவே அமைந்துவிட்டது.

கணிப்பாளர் வண்டியிலிருந்த கருவியால் புல்லை அளந்தார். பயப்பட ஒன்றுமில்லை. பால்பண்ணைக்காரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"சரி, இங்க இறங்காத தூசு எங்க இறங்குச்சு?" என்றார் அம்மாள்.

கணிப்பாளர் மடிக்கணினியில் அந்தப் பொய் மழையை நீக்கினார். வரைபடத்தில் சிவப்பு நிறம் மலையைத் தாண்டிப் போட்டிக்காரரின் நிலத்துக்கு நகர்ந்தது. அங்கே நிஜமாகவே மழை கொட்டியிருந்தது. ஆனால் தூசு வழியிலேயே தீர்ந்துவிட்டது என்று பழைய கணக்கு சொல்லியிருந்ததால், அவரை யாரும் எச்சரிக்கவில்லை. மாப்பிள்ளையின் முகம் விழுந்துவிட்டது.

உடனே தொலைபேசியில் கூப்பிட்டார்கள். நல்லவேளை, நேற்று மழைக்காக மாடுகளைக் கொட்டகையிலேயே கட்டியிருந்தார், இன்று காலைப் பாலைக் கறந்த பிறகுதான் மேயவிட்டிருந்தார்; அதனால் விற்ற பாலில் ஆபத்தில்லை. இனிக் கறக்கும் பாலை யாருக்கும் ஊற்ற முடியாது என்று கேட்டதும் அவர் குரல் உடைந்தது.

பால்பண்ணைக்காரி தொலைபேசியை வாங்கினாள். "உங்க வாடிக்கைக்காரங்க வீட்டுப் பிள்ளைங்களுக்கு நான் பால் அனுப்பறேன் அண்ணே. உங்க மாடு தேறினதும் வாடிக்கையை நீங்களே எடுத்துக்குங்க."



"சாயங்காலம் பால் எடுக்க வண்டி அனுப்பறேன், தங்கச்சி," என்றார் போட்டிக்காரர்.